சிகாமணி அண்ணனும் என் வெல்டிங்கும்

செய்தி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஏற்றிய ஒரு லாரியோடு வந்தது. போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். திண்டிவனத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய என் பட்டறையில் ஒரு டிராக்டர் டிரெய்லரின் கொக்கியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். விழுப்புரம் பக்கமிருந்து வந்த லாரி வேகத்தைக் குறைத்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "பாய், உங்க அண்ணன் பூட்டாரு! காலைலதான்!" என்று கத்திவிட்டுப் போனார். என் கையிலிருந்த வெல்டிங் ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கவும் தோன்றாமல் நின்றேன். பிடி சூடேறி உள்ளங்கையைச் சுட்ட பிறகுதான் விட்டேன்.

விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது பட்டறைக்கு முன்னால் கூட்டம். ஒரு லாரி உரிமையாளர் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"என்னத்தான் திட்டிக்கினு இருந்தாருங்க. டயரு நூலு தெரியுது, இதுல எவ தாலிய அறுக்கப் போறேன்னு கேட்டாரு. ஸ்பேனர ஓங்கினாரு. ஓங்கின கை அப்பிடியே நின்னு போச்சு. வண்டி மேலயே சாஞ்சுட்டாரு."

அடிக்க ஓங்கிய கையோடு போனவர் தெய்வசிகாமணி. வயது ஐம்பத்தொன்று. விழுப்புரத்திலிருந்து செங்கல்பட்டு வரை லாரி ஓட்டுகிறவர்கள் 'ஆக்சில் சிகாமணி' என்றால்தான் அறிவார்கள். பதினாறாம் நாளுக்காக நண்பர்கள் சேர்ந்து அச்சிடும் இந்தச் சிறு மலரில் அவரைப் பற்றி எழுதும்படி என்னிடம் கேட்டார்கள். அண்ணியிடம் அனுமதி கேட்டேன். பாக்கியம் அண்ணி சொன்னார்: "எழுதுங்க பாய். ஆனா சாந்த சொரூபின்னு மட்டும் எழுதிடாதீங்க. ஊரு சிரிக்கும்."

எழுதவில்லை, அண்ணி. நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

நான் கோட்டக்குப்பத்துக்காரன். வெல்டிங் வேலையைச் சென்னையில் கற்றுக்கொண்டு, குவைத்துக்குப் போவதற்காகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தேன். அது வரும்வரை எங்காவது வேலை செய்யலாம் என்று எண்பதாம் வருடம் விழுப்புரத்தில் அவருடைய பட்டறைக்குப் போனேன். உள்ளே நுழைந்தபோது அவர் ஒரு பஸ் முதலாளியைப் பிரேக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தார். தேய்ந்து, உட்பக்கத்து ஆணி வெளியே தெரிந்த கட்டை. அதைக் கொண்டே தோளில், முதுகில், மறுபடி தோளில்.

"இத மாட்டிக்கினு ஐம்பது பேர ஏத்திக்கினு போயிருக்கிறியே, அவங்கல்லாம் உன் மாமியார் ஊட்டு ஜனமா? சொல்லு! செத்தா கணக்கில்லையா?"

அந்தப் பஸ் முதலாளி அடியை வாங்கிக்கொண்டே, "புதுசு போடு சிகாமணி, புதுசு போடு" என்றார். என்னால் நம்ப முடியவில்லை. அடித்து முடித்துவிட்டு அண்ணன் என் பக்கம் திரும்பினார். மூச்சு வாங்கியது.

"இன்னா வேணும்?"

"வெல்டிங் வேலைங்க."

"அந்த மூலைல ஒரு சேசிஸ் ஒடஞ்சு கெடக்குது. பத்த வை. பாக்கறேன்."

பற்றவைத்தேன். ஆறியதும் பதினாறு பவுண்டு சம்மட்டியை எடுத்துவந்து நான் பற்றவைத்த இடத்திலேயே ஓங்கி ஓங்கி எட்டு அடி அடித்தார். பட்டறைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. உடையவில்லை. சம்மட்டியைக் கீழே போட்டு, "நாளைலருந்து வா, பாய்" என்றார். அவ்வளவுதான் நேர்காணல்.

அவரோடு வேலை செய்வது எளிதல்ல. என் இடது புருவத்தில் இருக்கும் தழும்பு அவர் எறிந்த உளியால் வந்தது. ஒரு போல்ட்டை மரையில் கோணலாக ஏற்றிவிட்டேன் என்பதற்காக எறிந்தார். ரத்தம் கண்ணை மறைத்தது. அவரே என்னைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். தையல் போடும்போது என் தலையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஏண்டா தலய அங்க வச்ச?" என்று டாக்டருக்கு முன்னாலேயே என்னைத் திட்டினார். அது மன்னிப்பா வசவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்குப் பயந்து வேலையை விட்டவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய கோபம் அவர்மேல் படிந்திருந்த கிரீஸ் மாதிரி. கிட்டே போகிறவர்கள் எல்லார்மீதும் ஒட்டும்.

ஆனால் ஆக்சில் என்கிற பின் அச்சு வேலையில் அவருக்கு நிகர் இந்தப் பக்கத்தில் கிடையாது. அந்த நாட்களில் சின்னப் பிக்கப் வண்டி வைத்திருந்த எல்லாரும் அதில் லாரிப் பாரம் ஏற்ற ஆசைப்பட்டார்கள். கம்பெனி கொடுத்த பின் அச்சு அதற்குத் தாங்காது. ராணுவம் கழித்துப்போட்ட லாரிகளின் பெரிய அச்சு ஏலத்தில் வரும். அதை வாங்கி வந்து பிக்கப்பில் பொருத்துவார் அண்ணன். சொல்லும்போது சுலபம். ராணுவ அச்சு அகலம், பிக்கப் ஒடுங்கல். எனவே நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியின் இரண்டு பக்கமும் குழாயை ஒரு சாண் அறுத்து, உள்ளே கெட்டிக் குழாய் நுழைத்து மறுபடி இணைக்க வேண்டும். உள்ளே ஓடும் ஷாஃப்டை மட்டும் ஒட்டவே விடமாட்டார். "சுத்துற எதயும் ஒட்டாத" என்பார். லேத்தில் கொடுத்துப் புதிதாகப் பல் வெட்டி வாங்குவார். பிரேக் பெரிதாக வேண்டும். கடைசியாக, வண்டியின் ஸ்பிரிங் பட்டைகள் வந்து உட்காரும் இரண்டு இரும்புப் பீடங்களை அச்சின்மேல் பற்றவைக்க வேண்டும். வண்டியின் பாரம் முழுவதும் அந்த இரண்டு பீடங்கள் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்கும். பிரேக் மிதிக்கும்போது அச்சு உருளப் பார்க்கும். அதை உருளவிடாமல் பிடித்துக்கொள்வதும் அவைதான்.

எண்பத்திரண்டு ஐப்பசியில் திருவக்கரைப் பக்கம் கல் குவாரி வைத்திருந்த தனகோட்டி ஒரு பிக்கப்பைக் கொண்டுவந்தார். கூடவே இரண்டு ஆட்கள். ஒருவன் இடுப்பில் கத்தி இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"சிகாமணி, வெள்ளிக்கெழமைக்குள்ள வேணும். ரோட்டு வேலைக்கு ஜல்லி அனுப்பணும். பெரிய அச்சா போட்டுக் குடு."

"மூணு டன்னுக்குக் குடுப்பேன். அதுக்கு மேல ஏத்தக் கூடாது. வெள்ளிக்கெழமயெல்லாம் ஆவாது."

"ஆவணும்."

"ஆவாதுன்னு சொன்னா உன் மண்டைக்கு ஏறாதா? மழ பேஞ்சிக்கினு கெடக்குது, கரண்டு எப்ப வரும் எப்ப போவும்னு தெரியல."

கத்தி வைத்திருந்தவன் அண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்தான். அண்ணன் கையில் ஒரு யூ போல்ட் இருந்தது. குதிரை லாடத்தைப் போல இரண்டு மடங்கு கனம். அதைக் கொண்டே அவன் மணிக்கட்டில் போட்டார். எலும்பு முறியும் சத்தம் எனக்கே கேட்டது. தனகோட்டி சிரித்தார். தன் ஆள் தரையில் உருண்டு கத்தும்போது சிரித்தார். பிறகு, "வெள்ளிக்கெழம" என்று மறுபடி சொல்லிவிட்டு, இன்னொருவனை மட்டும் பட்டறையிலேயே காவல் வைத்துவிட்டுப் போனார்.

நான்கு நாள் மழையோடு வேலை செய்தோம். வியாழக்கிழமை பகலில், அச்சைச் சங்கிலியில் தூக்கி வண்டிக்கு அடியில் ஏற்றும்போது கொக்கி நழுவியது. இருநூறு கிலோ இரும்பு அப்படியே இறங்கியது. அண்ணனின் இடது கை அடியில் இருந்தது. அவர் கத்தவில்லை. "ஜாக்கி" என்றார். ஜாக்கி வைத்துத் தூக்கினேன். நடுவிரல் மேல்கணு நசுங்கித் தோலில் தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு அவர் அச்சை ஓங்கி ஒரு உதை உதைத்தார். அப்புறம் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார். போகும்போது சொன்னார்: "சோத்துக்கை பக்கப் பீடத்த நீ முடிச்சுடு. ராட அடுப்புல காயவச்சுக்கோ. ஈரமா இருக்குது."

ராடு ஈரமாகத்தான் இருந்தது. ஈர ராடில் பற்றவைத்தால் மேலே அழகாக வரி விழும், உள்ளே இறங்காது. இது எந்த வெல்டருக்கும் தெரியும். எனக்குத் தெரியும். ஆனால் அடுப்பு மூட்டிக் காயவைக்க ஒரு மணி நேரமாவது ஆகும். தனகோட்டியின் ஆள் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "இன்னும் எவ்ளோ நேரம்டா துலுக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அன்று காலையில் அண்ணனும் என்னைத் திட்டியிருந்தார். எனக்கு எல்லார் மேலும் வெறுப்பாக இருந்தது. முகமூடியை இழுத்துவிட்டு, ஈர ராடாலேயே ஒரே மூச்சில் பற்றவைத்தேன். படபடவென்று பொறி தெறித்தது. முடிந்ததும் பார்த்தேன். இறங்கவில்லை என்று கண்ணுக்கே தெரிந்தது. அறுத்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். அரை நாள் வேலை. கிரைண்டர் போட்டுச் சமமாக்கி, சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டேன்.

அண்ணன் கட்டுப்போட்ட கையோடு மாலையில் வந்தார். மயக்க ஊசியின் சோர்வில் கண் சிவந்திருந்தது. குனிந்து பெயிண்ட்டைப் பார்த்தார்.

"உள்ள எறங்கிச்சா, பாய்?"

"எறங்கிச்சுங்க அண்ணே."

அந்தக் கையோடு சம்மட்டி தூக்க முடியவில்லை அவருக்கு. "சரி" என்றார். என் வாய்ச் சொல்லை அவர் நம்பிய முதல் தடவை அது.

மூன்று வாரம் ஓடியது அந்த வண்டி. ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, குவாரியிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு மயிலம் வழியாகத் திண்டிவனத்துக்கு வரும்போது, ஒரு வளைவில் டிரைவர் பிரேக் மிதித்தார். நான் பற்றவைத்த பீடம் பிளந்தது. அச்சு உருண்டது. எஞ்சினிலிருந்து பின் அச்சுக்கு வரும் சுழல் தண்டு பிய்ந்து தரையில் குத்தியது. குத்திய தண்டின்மேல் வண்டி எழும்பிக் குப்புற விழுந்தது. டிரைவர் வெளியே தூக்கி எறியப்பட்டு உயிர் பிழைத்தார். கல் பாரத்தின் மேல் உட்கார்ந்து வந்த அஞ்சலை என்கிற பெண் கல்லுக்கு அடியில் போனார். குவாரியில் கல் உடைக்கிறவர். இரண்டு பிள்ளைகளின் தாய். திண்டிவனத்தில் பிள்ளைக்கு மருந்து வாங்க வண்டியில் ஏறிக்கொண்டாராம்.

தகவல் வந்ததும் அண்ணன் என்னையும் பின்னால் உட்காரவைத்து மோட்டார் சைக்கிளில் பறந்தார். நாங்கள் போனபோது அஞ்சலையை வெளியே எடுத்துப் புடவையால் மூடியிருந்தார்கள். புடவை நனைந்து தார்ச் சாலையில் வழிந்துகொண்டிருந்தது. கல் சிதறிக் கிடந்த அளவைப் பார்த்தாலே ஐந்து டன்னுக்குக் குறையாது என்று தெரிந்தது. அண்ணன் யாரோடும் பேசாமல் கவிழ்ந்த வண்டியின் பின்பக்கம் போய் மண்டியிட்டார். பிளந்த பீடத்தைக் கட்டைவிரலால் தடவினார். தோசைக்கல்லிலிருந்து தோசை உரிந்த மாதிரி வெல்டிங் அப்படியே உரிந்து வந்திருந்தது. அடியில் அச்சின் இரும்பு கொஞ்சமும் உருகாமல் பளபளவென்று இருந்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்கு வராது.

அதற்குள் தனகோட்டி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "தோ, வந்துட்டான் பாரு! வண்டிய வெட்டி ஒட்டனவன் இவன்தான். இவன்தான் உங்க பொண்ணக் கொன்னான்!"

அஞ்சலையின் அண்ணன் கன்னியப்பன் கையில் கடப்பாரை இருந்தது. கல்லைப் புரட்டித் தங்கையை வெளியே எடுத்த அதே கடப்பாரை. அவரும் கல் உடைக்கிறவர்தான். கண்ணில் நீரில்லை. அமைதியாகக் கேட்டார்:

"இத பத்த வச்சது யாரு?"

நான் அண்ணனுக்கு இரண்டு அடி பின்னால் நின்றேன். சொல்ல வேண்டும் என்று நினைத்தேனா என்றுகூட இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அண்ணன் எழுந்து நின்றார்.

"நான்தான்" என்றார்.

கடப்பாரை முதலில் முழங்கைக்குக் கீழே விழுந்தது. கை மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியது. பிறகு நான்கு பேர் சேர்ந்தார்கள். கல்லால், காலால், வண்டியிலிருந்து பிய்ந்து கிடந்த மரச் சட்டத்தால். பல் தெறித்து விழுந்ததைப் பார்த்தேன். ஒரு கண் மூடிக்கொண்டது. வாழ்நாள் முழுக்க எல்லாரையும் அடித்த மனிதர், நல்ல வலக்கை சும்மா இருக்கும்போதே, ஒரு அடியைக்கூடத் திருப்பித் தரவில்லை. கையை உயர்த்தி முகத்தைக்கூட மறைத்துக்கொள்ளவில்லை. தனகோட்டியின் ஆட்கள் வேடிக்கை பார்த்தவர்களைப் பின்னால் தள்ளி அடிக்கிறவர்களுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார்கள். நான் ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். ஆம், அதைத்தான் செய்தேன்.

போலீஸ் வந்து பிரித்தது. ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்ததிலும் பிறகு கோர்ட்டிலும் அண்ணன் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "வேல என் ஷாப்புல நடந்திச்சு. நான்தான் செஞ்சேன்." ஏற்றிய பாரத்தைப் பற்றி எங்கள் வக்கீல் கேட்டார். டிரைவர் மூன்று டன்தான் என்று சாட்சி சொன்னார். தனகோட்டி வெளியே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு எட்டு மாதத் தண்டனை.

அந்த எட்டு மாதமும் பட்டறையை நான்தான் திறந்தேன், மூடினேன். அண்ணி தினமும் எனக்கும் சேர்த்துக் கேப்பைக் கூழ் கொண்டுவந்து வைப்பார். குடிக்க முடியாது. குடிக்காமலும் இருக்க முடியாது. வருடக்கணக்கில் இழுத்தடித்த பாஸ்போர்ட் நடுவில் வந்தது. குவைத்திலிருந்து மச்சான் விசாவுக்கு எழுதினார். நான் பதில் எழுதவில்லை. சிறைக்குப் பார்க்கப் போனேன், இரண்டு தடவை. என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வெளியே வந்த மறுநாள் காலையில் கோட்டக்குப்பத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். மெலிந்திருந்தார். உடைந்த கை சரியாகக் கூடாமல் கோணலாக இருந்தது. என் மனைவி நாற்காலி எடுத்துப் போட்டாள். "கொஞ்சம் பிள்ளைகள இட்டுக்கினு பக்கத்து வூட்டுக்குப் போம்மா" என்று அவளிடம் மரியாதையாகச் சொன்னார். அவர்கள் போனதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

அவர் விட்ட முதல் அறையிலேயே நான் சுவரில் மோதி விழுந்தேன். தூக்கி நிறுத்தி அடித்தார். வலக்கை ஒன்றால்தான். உதட்டைக் கிழித்தார். வயிற்றில் முழங்காலால் இடித்தார். விலா எலும்பு இரண்டு போனது; பிறகுதான் தெரிந்தது. அடித்துக்கொண்டே பேசினார், அழுதுகொண்டும் இருந்தார்.

"உன்ன நம்புனதுக்கு நான் ஜெயிலுக்குப் போனேன். என்ன ஏமாத்துனதுக்கு இது உனக்கு. எறங்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னாடா பண்ணியிருப்பேன்? அடிச்சிருப்பேன். அவ்ளோதானடா! அடிதானடா! அதுக்குப் பயந்து ஒரு பொம்பளைய..."

தரையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் கிடந்தேன். மூச்சு விட முடியாமல் கேட்டேன்: "ஏன் அண்ணே நான்தான்னு சொன்னீங்க?"

"போர்டுல என் பேருதான இருக்குது. நான் தட்டிப் பாக்காம வெளிய வுட்டேன். அந்தப் பொண்ணு உன்ன நம்பியா ஏறிச்சு?" எழுந்து தாழைத் திறந்தார். "குவைத்துக்குப் போறதுன்னா போ. போனா அங்க ராடத் தொடாத. இல்லன்னா நாளைக்கு எட்டு மணிக்கு ஷாப்புக்கு வா."

விலாவில் கட்டோடு எட்டு மணிக்குப் போனேன்.

நடுவில் ஒருநாள் அவர் மட்டும் அஞ்சலையின் ஊருக்குப் போய்வந்தார். சட்டை கிழிந்து, காது மடல் வீங்கித் திரும்பினார். இன்னா அண்ணே என்று கேட்டேன். "கன்னியப்பன் அன்னிக்கு அடிச்சத இன்னும் முடிக்கலன்னு நெனச்சுக்கினு இருந்தான். முடிச்சுட்டான்" என்றார். அங்கேயும் அவர் என் பேரைச் சொல்லவில்லை.

இதற்குப் பிறகு யாரும் அச்சு வேலைக்கு வரமாட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு வருடம் கழித்து ஒலக்கூர் விவசாயி ஒருவர் பிக்கப்பைக் கொண்டுவந்தார். அண்ணன் அளவு எடுத்தார், அறுத்தார். பீடத்தை மட்டும் என்னிடம் விட்டார். ராடைக் காயவைத்தேன். மூன்று தடவை நிறுத்தி மறுபடி ஆரம்பித்தேன். முடிந்ததும் அவர் சம்மட்டியைத் தேடவில்லை. மூன்று டன் நெல் மூட்டை ஏற்றச் சொன்னார். மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

"ஓட்டு."

"அண்ணே, கீழ எறங்குங்க. முன்னாடி ஒக்காருங்க."

"நீ பத்த வச்சது. நான் மேல ஒக்காந்துக்கினு வர்றேன். திண்டிவனம் வரைக்கும் போ. வளைவுல பிரேக்கு மிதி. மெதுவா மிதிச்ச, எறங்கி வந்து ஒதைப்பேன்."

விக்கிரவாண்டி தாண்டும் வரை பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்கவே பயந்தேன். ஒவ்வொரு வளைவிலும் மிதித்தேன். மூட்டைகள் முன்னால் வந்து மோதும் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் உயிர் போய்த் திரும்பியது. கோணல் கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நெல் தூசியில் இருமிக்கொண்டு, ஒவ்வொரு பிரேக்குக்கும், "இன்னும் மிதிடா!" என்று மேலிருந்து கத்தினார். திண்டிவனத்தில் இறங்கியதும் ஒரு டீ குடித்தார். அன்றிலிருந்து அந்தப் பட்டறையில் மாற்றிய ஒவ்வொரு அச்சுக்கும் முதல் ஓட்டத்தில் பாரத்தின்மேல் அவர்தான் உட்கார்ந்தார். நான் தனியே பட்டறை போட்ட பிறகும், இரத்தக் கொதிப்பு ஏறிய பிறகும், அண்ணி எத்தனை சண்டை போட்டும், இதை மட்டும் அவர் விடவில்லை.

புதன்கிழமை காலை அவரை எரித்தோம். கொள்ளி வைத்து, உறவினர்கள் குளிக்கப் போனபின் நான் அங்கேயே நின்றேன். வேலிகாத்தான் புதர் ஓரத்தில் ஒருவர் தனியாக நிற்பதைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. தோளில் துண்டு. கிட்டே போனதும் கன்னியப்பன் என்று தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை.

"அவரு ஆளுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. அவரோட வெல்டர்."

"லாரிக்காரங்க சொன்னாங்க. எரியறானான்னு கண்ணால பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஆறு வருடம் என் தொண்டையில் கிடந்தது அப்போது வெளியே வந்தது. "அவரு பத்த வைக்கலங்க. அன்னிக்கு அவரு கை நசுங்கி ஆஸ்பத்திரில இருந்தாரு. ஈர ராடால பத்த வச்சது நானு. எறங்கலன்னு தெரிஞ்சே பெயிண்டு அடிச்சவன் நானு. அவருகிட்டப் பொய் சொன்னவனும் நான்தான்."

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் என் முகத்தில் அறைந்தார். கல் உடைக்கிற கை. நான் சாம்பல் மண்ணில் விழுந்தேன். நெஞ்சில் உதைத்தார். வெட்டியான் ஓடிவந்து தடுக்கப் பார்த்தார். "வுடுங்க, அவரு அடிக்கட்டும்" என்று நான் சொன்னேன். இன்னொரு உதைக்குக் காலைத் தூக்கியவர் பாதியில் நிறுத்தினார். அப்படியே குந்தினார். சிதையைப் பார்த்தார்.

"நாலு பேரு சேந்து அடிச்சோமே. அந்தக் கைய நான்தான் ஒடச்சேன். ஊருக்கு வந்து நின்னப்பவும் அடிச்சேன். வாயத் தொறக்கலையே அந்த மனுசன். ஒரு வார்த்த தொறக்கலையே." தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தங்கை செத்த அன்று அழாதவர்.

வெகுநேரம் கழித்து எழுந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சரிந்து கிடந்த ஒரு விறகை எடுத்துச் சிதையின்மேல் வைத்தார். தீ சடசடத்து ஏறியது. கை கூப்பினார்.

ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். அவர் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால் ஒரு ஜன்னல் ஓரமாக நின்றேன். அவர் ஒருதரமும் திரும்பவில்லை. கூட்டேரிப்பட்டில் இறங்கியவர், பஸ் ஓரமாக நடந்து என் ஜன்னலுக்கு நேராக வந்து நின்று அண்ணாந்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. பஸ் கிளம்பிய சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவர் புழுதிக்குள் அப்படியே நின்றார்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். முடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நேற்று ஆள் அனுப்பினார்: "ஒரு எழுத்தும் அடிக்காம அப்படியே போடச் சொல்லு."

அண்ணே, சட்டம் என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். அஞ்சலையின் சாவு இனி உங்கள் பேரில் இல்லை. கோபம் தணிந்து போய் வாருங்கள்.

ஜமால்,
வெல்டர், திண்டிவனம்.